வட்டமாகக் காய்ந்த இடம்

அன்புள்ள செல்வத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌகரியம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ அனுப்பிய மூன்று போட்டோவும் வந்தது. "இது என்ன புல்லுப்பா, ஏன் இப்படித் திட்டுத்திட்டாகக் காயுது" என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். காலேஜ் மைதானத்தில் 31 வருஷம் புல்லோடு கிடந்தவனிடம் மகன் புல்லைப் பற்றிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? போனில் சொன்னால் கார் ஓட்டிக்கொண்டே 'ம்' கொட்டுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் ஹூஸ்டன் வீட்டில் இருப்பது ஒரு புல் இல்லை, இரண்டு. ஓக் மரத்தைச் சுற்றி இருப்பது அகல இலை. நுனி கூராக இருக்காது, படகு மூக்கு மாதிரி மழுங்கியிருக்கும். தட்டைத் தண்டு, தரைக்கு மேலேயே கயிறு கயிறாக ஓடும். அமெரிக்காவில் அதைச் செயின்ட் அகஸ்டின் என்கிறீர்கள், நம் ஊர் நர்சரியில் பஃபலோ புல். கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரைப் பக்கம் புகுந்திருப்பது மெல்லிசு. இலை தண்டைத் தொடுகிற இடத்தில் வெள்ளை முடி தெரிகிறதா பார். கதிர் விட்டால் நாலைந்து விரலாகப் பிரியும். பெர்முடா என்று அங்கே பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அது பிள்ளையாருக்கு வைக்கிற நம் அருகம்புல்தான். உன் கல்யாணத்தில் பெரியப்பா அட்சதை போட்டு, ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி என்று சத்தமாகச் சொன்னாரே, அதே அருகு. சரி, அதை விடு.

அருகுக்கு முழு வெயில் வேண்டும். மண்ணுக்குள்ளேயும் ஓடும், மேலேயும் ஓடும், பிடுங்கினால் போகாது. அகல இலை கொஞ்சம் நிழல் தாங்கும், ஆனால் ஒட்ட வெட்டினால் செத்துப்போகும். நீ ஒட்ட வெட்டியிருக்கிறாய், போட்டோவிலேயே தெரிகிறது. இரண்டு வாரத்துக்கு மெஷினைத் தொடவேண்டாம் என்று மொட்டை அடித்திருப்பாய். மூன்று அங்குலம் விட்டு வெட்டு. ஒரு தடவையில் இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. அவ்வளவு பெரிய வீட்டைத் தனியாக நின்று வாங்கியவன் நீ, தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வாரம் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்க முடியாதா?

முதல் போட்டோ, சிமெண்டு ஓரம் மஞ்சளாகிப் பரவுவது. அது தண்ணீர்க் குறையாகவும் இருக்கலாம், சின்ச் பூச்சியாகவும் இருக்கலாம். அனல் அடிக்கிற ஓரத்தில்தான் அந்தப் பூச்சி முதலில் உட்காரும். எள் அளவு, கறுப்பு உடம்பு, வெள்ளை இறக்கை. காபி டின் ஒன்றை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, பச்சையும் மஞ்சளும் சேருகிற இடத்தில் இரண்டு அங்குலம் அழுத்தி, தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிஷம் பார். இருந்தால் மிதந்து வரும். பார்க்காமல் மருந்து அடிக்காதே. உங்கள் ஹூஸ்டன் களிமண் நம் கரிசல் மாதிரிதான், ஈரத்தில் ஒட்டும், வெயிலில் வெடிக்கும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஓர் அங்குலம் வருகிற மாதிரி விடியற்காலையில் ஆழமாக விடு. இரண்டாவது போட்டோ வெறும் மரநிழல். கிளையைக் கழித்தால் பாதி சரியாகும்.

மூன்றாவதை நிறைய நேரம் பார்த்தேன். பின்பக்கம், சமையலறை ஜன்னலுக்கு நேரே, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம். பூச்சி இவ்வளவு சுத்தமாக வட்டம் போடாது. பூஞ்சை போடும், ஆனால் ஓரம் கலங்கியிருக்கும், இலையை இழுத்தால் அடி அழுகிக் கையோடு வரும். இது வெயில் படாமல் வெளுத்துச் செத்த புல். நாங்கள் வந்திருந்தபோது பாப்பாவின் நீலத் தண்ணீர்த் தொட்டி அங்கேதான் இருந்தது. மூன்று நாளைக்கு ஒருதரம் இடம் மாற்றி வை என்று ரேவதியிடம் சொல்லியிருந்தேன், மறக்காமல் மாற்றுவாள். ரொம்ப நாள் யாரும் மாற்றவில்லை, இப்போது தொட்டியும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. புல்லைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஒட்ட வெட்டாதே, மூன்று அங்குலம்.

நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி ஆச்சி வீட்டுக்குப் போனாளே, கோயில் கொடை என்று உன்னிடம் சொன்னோம். கொடை மூன்று நாள். நீங்கள் இருந்தது 41 நாள். அதற்கு முந்தின வாரம் அவள் காய்ச்சலில் கிடந்தாள். மாவட்ட மேட்ச் என்று நான் நாலரை மணிக்கே ரோலர் இழுக்கப் போய்விட்டேன். நீ சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாய். அந்த ஒரு நாள் மட்டும் இல்லை, எல்லா நாளும் அப்படித்தான். போனவள் தானாக வருவாள் என்று இருந்தேன். தினமும் பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான் மைதானத்துக்குப் போவேன். தூத்துக்குடி வண்டி நிற்கும். பார்த்துவிட்டுப் போவேனே தவிர ஏறவில்லை. கடைசியில் உன் மாமாதான் கொண்டுவந்து விட்டார். நான் "வா" என்றேன், அவ்வளவுதான். அந்த வருஷம் பிட்ச் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். தப்பு என்னுடையது என்று அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். "என்ன இவ்வளவு நேரமா எழுதுறீங்க" என்றாள். புல் என்றேன்.

அந்த வட்டத்துக்கு விதை வாங்காதே. காய்ந்ததை வாரிவிட்டு மண்ணை லேசாகக் கிளறிவிடு. சுற்றியிருக்கிற கொடியே உள்ளே ஓடி வரும். குளிர் வருவதற்குள் செய், வந்துவிட்டால் ஓடாது.

அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். ரேவதிக்குப் பூண்டு ஆகாது என்று அவளுக்குத் தனி டப்பா. எதிர்வீட்டுப் பையன் 20-ந் தேதி ஹூஸ்டன் கிளம்புகிறான். இரண்டு டப்பாவும் கொடுத்து விடவா, ஒன்று போதுமா என்று கேட்கச் சொன்னாள்.

அப்பா