ஆளில்லாத ஊரில் வாசித்த நோட்டீஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம் பறிபோனது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கி, குதிரை, அம்மை நோய் எல்லாம் சரி, காகிதத்தை விட்டுவிட்டாரே கட்டுரையாளர்! நான் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், கண் அங்கேதான் போகிறது.

1493-ல் போப் ஆறாம் அலெக்சாண்டர், கொலம்பஸ் பார்த்துவிட்டு வந்த பக்கத்து நிலங்களை ஸ்பெயின் ராஜா ராணிக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்து, பாலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட நிபுணர் 1513 வாக்கில் 'ரெக்கேரிமியென்டோ' என்று ஒரு நோட்டீஸ் தயாரித்தார். படை இறங்கியதும் இதை வாசிக்க வேண்டும். கடவுள் போப்பை எல்லோருக்கும் தலைவராக்கினார், ஒரு போப் இந்த மண்ணை எங்கள் அரசருக்குத் தந்தார், ஆகவே பணியுங்கள், இல்லையென்றால் போர்தான், பெண்டு பிள்ளைகளை அடிமையாக்குவோம், அதில் விழும் சாவுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு. இவ்வளவும் ஸ்பானிஷில். சில சமயம் கேட்கவே ஆள் இருக்காது, வெறும் குடிசைகளைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள். ஆனால் வாசித்ததற்கு நோட்டரி சான்று எழுதித் தர வேண்டும் என்று அந்த நோட்டீஸின் கடைசியிலேயே இருக்கிறது. (வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டி சார்பு செய்தேன், அதாவது சேர்ப்பித்துவிட்டேன், என்று எழுதிவந்த நோட்டீஸ்களை நானும் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.)

காகிதம் பழங்குடிகளுக்காக அல்ல. 1511-லேயே ஹிஸ்பானியோலா தீவில் மொன்டேசினோஸ் என்ற பாதிரியார், இந்த மக்களை என்ன உரிமையில் வதைக்கிறீர்கள் என்று பிரசங்கத்திலேயே கேட்டுவிட்டார். அந்த மாதிரி ஆட்களுக்குக் காட்டத்தான் அது. இன்றைய கொலம்பியாவில் இருந்த சினூ மக்களின் தலைவர்களுக்கு விஷயத்தை விளக்கியபோது, தனக்குச் சொந்தமில்லாததைத் தூக்கிக் கொடுத்த போப் குடித்திருப்பார், அதைக் கேட்டு வாங்கிய ராஜாவுக்குப் பைத்தியம் என்றார்களாம். எழுதி வைத்தவர் என்சிசோ என்ற ஸ்பானியரே.

அப்புறம் 1823-ல் அமெரிக்கத் தலைமை நீதிபதி மார்ஷல் இதையே சட்ட பாஷையில் சொன்னார்: கண்டுபிடித்த ஐரோப்பியருக்கே நிலத்தின் உரிமை, பழங்குடிகளுக்கு இருப்பது அனுபவ பாத்தியம், அதாவது குடியிருந்து பயன்படுத்தும் உரிமை, மட்டும். இந்தக் கோட்பாடு எங்களுடையதல்ல என்று வாடிகன் 2023 மார்ச்சில் அறிவித்தது, நல்லது. ஆனால் தீர்ப்புகள் அப்படியே நிற்கின்றனவே. நியூயார்க் மாநிலத்து ஒனைடா மக்கள் தங்கள் பழைய நிலத்தில் கொஞ்சத்தைச் சந்தை விலைக்கு வாங்கி, இது எங்கள் மண், வரி கிடையாது என்று வழக்காடினார்கள். 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதே கோட்பாட்டை முதல் அடிக்குறிப்பிலேயே எடுத்துக் காட்டி, வரி கட்டத்தான் வேண்டும் என்றது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி