நாலு வரை எண்ணிய அண்ணைக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது அடுத்த அறையில் நித்திரை. அவருடைய மூச்சுச் சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காக இரண்டு அறைக் கதவுகளையும் திறந்தே வைத்திருக்கிறேன்.

மறதி வந்த அப்பா வியாழக்கிழமை வீட்டை விட்டுப் போய்க் காணாமல் போனது உங்களுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தானே அத்தனை பேரும் வேலையை விட்டு, சாப்பாட்டை விட்டு ஓடி வந்தீர்கள். அந்த ஐந்து மணித்தியாலத்தையும் திரும்ப எழுத எனக்கு இப்போது முடியாது. நன்றி சொல்ல மட்டும் முடியும். அதையும் பிந்தாமல் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் மாறி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துச் செய்தியைப் பரப்பியவர்கள், மைனஸ் 17 பாகைக் குளிரில் ஆற்றங்கரை வழியே டோர்ச் வெளிச்சத்தோடு நடந்த தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடுதல் தொண்டர்கள், தேடும் நாய்களோடு வந்தவர்கள், காவல்துறையினர், தன் வாகனத்தில் எல்லாக் குறுக்கு வீதியும் சுற்றிய பக்கத்து வீட்டுக்காரர், அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்த மாமி, அவசரப் பிரிவில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்கள். உங்கள் ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து பார்ப்பேன். இந்த மடலில் உங்களை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்காகக் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும். மிச்ச இடமெல்லாம் ஒரு பஸ் ஓட்டுநருக்கு வேண்டும். பெயர் போடவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் அண்ணை என்றே எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் தொலைக்காட்சியில் பொப் சறுக்கு ஓட்டம் காட்டினார்கள், வளைந்து இறங்கும் பனிப் பாதையில் வண்டியில் சறுக்கிப் போகிற போட்டி. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, அலுமாரியிலிருந்து தன்னுடைய பழைய தொண்டர் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். இங்கே, நோர்வேயின் லில்லஹாமரில் நடந்த 1994 குளிர்கால ஒலிம்பிக்கில் போட்டுக்கொண்ட அதே மேலங்கி. வேலைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கிறார். அந்த இரண்டு கிழமையும் ஹுண்டர்ஃபோசன் சறுக்குப் பாதையில்தான் அவருக்கு வேலை. வருகிற சனத்துக்கு வழி காட்டவேண்டும், கயிற்றைத் தாண்டி யாரும் போகாமல் பார்க்கவேண்டும். இங்கிருந்து அது வடக்கே 15 கிலோமீற்றர். மறதி வந்த மனிதருக்கு அந்தத் திசை மறக்கவில்லை.

அண்ணையின் பஸ் எதிர்ப்பக்கமாக, நகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்பாவைத் தேடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு தரிப்பிடத்தில் யாரோ நிற்பதைக் கண்டு நிறுத்தினார். கதவைத் திறந்தார். அப்பா ஏறவில்லை. கையால் 'போ, போ' என்று காட்டியிருக்கிறார், சனத்தை ஒழுங்குபடுத்துவதுபோல. அந்த நேரத்தில் கதவை மூடிக்கொண்டு போயிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. ஏறாத ஆளுக்காக எந்த பஸ்ஸும் நிற்காது.

ஆனால் கதவு வெளிச்சம் மேலங்கியில் பட்டபோது அந்தச் சின்ன ஊசிச் சின்னத்தை அவர் கண்டுவிட்டார். வெள்ளைப் பின்னணியில் நீலக் கேடயம், அதில் பொன்நிற லில்லிப் பூக்கள். அது பொஸ்னியாவின் முதல் கொடி. 1998இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்ன கொடி என்றே தெரியாது. அண்ணைக்குத் தெரியும். அவர் பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் பிறந்தவர்.

இறங்கி வந்து சின்னத்தைத் தொட்டு, "சரயேவோ?" என்று கேட்டிருக்கிறார்.

அப்பா நோர்வே மொழி கதைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த மொழி அவரை விட்டுப் போய்விட்டது என்றுதான் வைத்தியர்களும் சொன்னார்கள். அந்த அப்பா நாலு விரலை நிமிர்த்திக் காட்டி, "ஃபீரே" என்றாராம். நோர்வே மொழியில் நாலு.

இது என்ன கணக்கு என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அண்ணை செய்ததன் அருமை விளங்காது.

பொஸ்னியா 1992இல் தனிநாடானது. அதே வசந்தத்தில் போர் தொடங்கி, சரயேவோ முற்றுகைக்குள் போனது. பத்து வருடம்கூட ஆகவில்லை, 1984இல் அந்த நகரம்தான் உலகத்தையே அழைத்துக் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தியது. அந்தப் போட்டிக்காக ட்ரெபெவிச் மலையில் கட்டிய பொப் பாதை பீரங்கி நிலையாக மாறியது. ஸேத்ரா பனி அரங்கைக் குண்டுகள் தகர்த்தன. அதன் பக்கத்து விளையாட்டுத் திடல் மயானமானது. அந்த நாடு முதன்முதலாகத் தன் சொந்தப் பெயரில் குளிர்கால ஒலிம்பிக்குக்கு வந்தது இங்கேதான், லில்லஹாமருக்கு. தொடக்க விழா பெப்ரவரி 12. அதற்குச் சரியாக ஒரு கிழமைக்கு முன்னர், பெப்ரவரி 5இல், சரயேவோவின் மார்க்கலே சந்தையில் விழுந்த ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு வந்த அணி அது.

நால்வர் பொப் வண்டியில் அவர்களுக்காக ஏறியவர்கள் இசெத் ஹராசிச், நிசார் சாசிரகிச், இகோர் போராஸ், ஸோரான் சோகொலோவிச். இரண்டு பொஸ்னிய முஸ்லிம்கள், ஒரு குரோவத்தியர், ஒரு சேர்பியர். அங்கே மலையில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த மூன்று தரப்பும் இங்கே ஒரே வண்டியில். பொப் வண்டியில் நெருக்கமாக உட்கார்ந்தே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. நாலு பேரும் சேர்ந்து தள்ளி, ஓடி, ஒருவர் பின் ஒருவராகப் பாய்ந்து ஏறவேண்டும். முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான் பாதை தெரியும். மற்ற மூன்று பேரும் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவையும் உடம்பால் உணர்ந்தபடி போவார்கள். ஹுண்டர்ஃபோசனில் அப்படி 16 வளைவு.

அப்பாவின் கதை பதக்கத்தைப் பற்றியது அல்ல. அவர்கள் பதக்கத்துக்குக் கிட்டவும் வரவில்லை. அப்பா நின்ற வளைவில் ஒரு பொஸ்னியப் பெண் வந்து நின்றிருக்கிறார். நோர்வேயில் தஞ்சம் கேட்டு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வண்டி ஒரு நொடியில் இரைந்துகொண்டு கடந்துபோகும், முகம் எதுவும் தெரியாது, தலைக்கவசங்கள் மட்டும்தான். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சத்தமாக எண்ணினாராம்: "யேதன், த்வா, த்ரி, செத்திரி." எத்தனையாவது இடம் என்று அவர் பார்க்கவில்லை. நாலு பேரும் உள்ளே இருக்கிறார்களா என்றுதான் பார்த்தார். அப்பா தன் போத்தலில் இருந்த தேத்தண்ணியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். போகும்போது தன் உடுப்பில் இருந்த சின்னத்தைக் கழற்றி அப்பாவின் மேலங்கியில் குத்திவிட்டுப் போனார் அந்தப் பெண். பெயர்கூட அப்பா கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்போம்! "நாலு பேரும் ஒரே வண்டியிலடா" என்று தொடங்குவார். அப்போது அவர் நோர்வேக்கு வந்து ஏழு வருடம். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வராத மாதங்கள் எப்படியிருக்கும் என்று தெரிந்த மனிதர். அந்தப் பெண் ஏன் எண்ணினார் என்று யாரும் அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

அண்ணைக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 1994இல் அவருக்கு வயது 15. நோர்வேயில் ஓர் அகதி முகாமின் பொதுக் கூடத்தில், ஒரே தொலைக்காட்சியின் முன்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வயதில் தகப்பனின் தோளில் ஏறி ட்ரெபெவிச்சில் பொப் பார்த்த பிள்ளை அவர். "எங்கள் நாட்டின் பெயர் அன்றைக்குத்தான் செய்தியில் இல்லாமல் வேறு ஒன்றில் வந்தது" என்று மருத்துவமனையில் என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் அதைப் பெரிதாக்கவில்லை. அந்த நால்வரைப் பற்றிக் கதைப்பவர்கள் சிலர், ஒரு வண்டி போரையே நிறுத்தியதுபோலச் சொல்வார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. போர் 1995 கடைசிவரை நடந்தது. சரயேவோ முற்றுகை முடியும்போது 1996 பெப்ரவரி. வண்டி மலையிலிருந்து இறங்கியது, நாலு பேரும் உயிரோடு இறங்கினார்கள். அதைப் பார்க்க முகாமில் ஒரு பையனுக்கும் கம்பியோரம் ஒரு பெண்ணுக்கும் கிடைத்தது. அது போதும், அதைவிடக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்தத் தரிப்பிடத்துக்கு வருகிறேன்.

"ஃபீரே" என்று அப்பா சொன்னதும் அண்ணை அவரைத் தோளோடு அணைத்து பஸ்ஸுக்குள் ஏற்றினார். அப்பாவின் கையில் கையுறை இல்லை. விரல்கள் வெளிறி விறைத்துப் போயிருந்தன. அண்ணை அவற்றைத் தேய்க்கவில்லை. விறைத்த விரலைத் தேய்த்தால் தோல் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி, அப்பாவின் கைகளைத் தன் உள்ளங்கைக்குள் வெறுமனே பொத்தி வைத்துக்கொண்டார். கட்டுப்பாட்டு அறைக்கும் அவசர இலக்கத்துக்கும் அழைத்தார். பஸ்ஸில் இருந்த மூன்று பயணிகளும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் கழுத்துச் சால்வையை அப்பாவின் தலையில் சுற்றினார். (தங்கச்சி, நீங்கள் யார் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது. சால்வை எங்களிடம் இருக்கிறது.)

அப்பாவுக்குக் கண் செருகத் தொடங்கியது. நித்திரை கொள்ள விடக்கூடாது. என்ன கதைப்பது, எந்த மொழியில் கதைப்பது? அண்ணை அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.

"யேதன். த்வா. த்ரி. செத்திரி."

அப்பா கண் திறந்தார். அப்புறம் அவரும் எண்ணினார், "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு."

அம்புலன்ஸ் வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியிருக்கிறது. அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். நாலு முடிந்ததும் திரும்ப ஒன்று. அப்பா தமிழில், அண்ணை பொஸ்னிய மொழியில். ஐந்துக்குப் போகவேயில்லை. வேலை முடிந்ததும் அண்ணை வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வந்தார். எனக்கு அவர் யார் என்று தெரியாது. "நாலு பேரும் இருக்கிறார்களா என்று உங்கள் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றார். நான் அந்த நடையில் நின்று அழுதேன். அவரும் அழுதார்.

அண்ணை, நீங்கள் தமிழ் வாசிக்க மாட்டீர்கள். இதை நோர்வே மொழியில் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், வாசிப்பேன். ஆனால் முதலில் என் மொழியில் எழுதவேண்டியிருந்தது. எண்ணிய இருவரில் ஒருவர் இந்த மொழியில்தான் எண்ணினார்.

ஒன்று மட்டும் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். பதினாறு வயது வரை அப்பாவின் இந்தக் கதையைக் கேட்டேன், அதற்குப் பிறகு "தெரியும் அப்பா" என்று எழுந்துபோனேன். அந்தப் பெண் எந்த வளைவில் நின்றார், என்ன நிற உடுப்பு, தேத்தண்ணியில் சீனி போட்டிருந்தாரா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இனிக் கேட்டாலும் பாதிதான் வரும். அந்தப் பாதியையாவது இனிமேல் ஒவ்வொரு பின்னேரமும் இருந்து கேட்டு எழுதி வைப்பேன். உங்களுடைய கூடத்துத் தொலைக்காட்சிக் கதையையும் எழுதித் தாருங்கள், அண்ணை. பக்கத்தில் சேர்த்து வைக்கிறேன்.

அப்பா உங்கள் கையுறையைக் கழற்ற விடுகிறார் இல்லை. சாப்பிடும்போது மட்டும் வலது கையில் இருப்பதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். அதைத் திருப்பித் தர முடியாது போலிருக்கிறது. அம்மா புதிதாக ஒரு சோடி பின்னத் தொடங்கிவிட்டார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டுகிற பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஏறுகிறோம், ஹுண்டர்ஃபோசன் வரைக்கும். அப்பா மேலங்கியோடுதான் வருவார்.