மாறிலி மாறக் கூடாது: பைத்தான் மொழியை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நிரல் ஓடும்போது மாறக் கூடாத மதிப்புக்கு வைக்கும் பெயர்தான் மாறிலி. அதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) எழுதச் சொல்வது உங்கள் நடைக் கையேடு. அது மரபு மட்டுமே, மீறினால் தடுக்கும் காவல் இல்லை என்பதும் நீங்கள் அறிந்ததுதான். அந்த மரபை நம்பிப் போன வாரம் மூன்று நாளை இழந்தேன்.

எங்கள் நிரலில் காத்திருப்பு நேரம் 30 நொடி என்று ஒரு மாறிலி. நிரலைச் சரிபார்க்கும் சோதனைகளை மொத்தமாக ஓட்டினால் பதினொன்று தோற்றன. தனித்தனியாக ஓட்டினால் அத்தனையும் தேறின. நெட்வொர்க்கைச் சந்தேகித்தேன், சர்வரைச் சந்தேகித்தேன். சக ஊழியர் எழுதியிருந்த, ஒரு குறையும் இல்லாத நிரலை இரவெல்லாம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். மூன்றாம் நாள்தான் அகப்பட்டது: சம்பந்தமே இல்லாத ஒரு சோதனைக் கோப்பில், அந்த மாறிலிக்கு 0 கொடுத்துவிட்டுப் பழையபடி திருப்பி வைக்காமல் விட்ட ஒற்றை வரி. மாறிலி இருக்கும் மாட்யூல், அதாவது நிரல் கோப்பு, ஒருமுறைதான் ஏற்றப்படும் என்பதால், பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அந்தப் பூஜ்யத்தையே எடுத்துக்கொண்டன. அந்த வரி ஓடியபோதே பிழை என்று சொல்லியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். சக ஊழியரிடம் மன்னிப்பும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு பெயரின் மதிப்பை மாற்றக் கூடாது என்று குறிக்க ஃபைனல் இருக்கிறதே என்பீர்கள். 2019இல் 3.8 பதிப்போடு வந்த அதை மைபை போன்ற, நிரலை ஓட்டாமலே சரிபார்க்கும் கருவிகள்தான் மதிக்கின்றன. நிரலை ஓட்டும் இன்டர்பிரெட்டர் கண்டுகொள்வதே இல்லை. டூப்பிள், ஃப்ரோஸன்செட் என்ற மாற்ற முடியாத தொகுப்புகள் மதிப்பைக் காக்கும், பெயரைக் காக்காது: அதே பெயருக்கு வேறு மதிப்பைக் கொடுத்துவிடலாம். எனம் என்ற, நிலையான மதிப்புகளுக்குப் பெயரிடும் கிளாஸில் ஓர் உறுப்பை மாற்றினால் பிழை வரும், உண்மை. ஆனால் ஓர் எண்ணைப் பூட்ட ஒரு கிளாஸ் எழுத வேண்டுமா? கணிதத்துக்கான மேத் மாட்யூலில் உள்ள பை (3.14...) மதிப்பை 3 என்று மாற்றினால்கூடப் பைத்தான் வாய் திறப்பதில்லை. ரூபி மொழி எச்சரிக்கையாவது தருகிறது.

இன்னொன்று. 3.0 முதல் பெயர்களைத் தமிழிலேயே எழுத வழி செய்தீர்கள். அதற்கு என்றும் நன்றி. ஆனால் தமிழில் பெரிய எழுத்து ஏது? 'காத்திருப்பு_நேரம்' என்று எழுதினால், அது மாறியா மாறிலியா என்று காட்ட உங்கள் மரபில் இடமே இல்லை.

மொழியின் சுதந்திரம் குறையும் என்ற தயக்கம் புரிகிறது. பைத்தான் 2இல் 'உண்மை' எனும் ட்ரூ என்ற பெயருக்கே 'பொய்' எனும் ஃபால்ஸ் மதிப்பைக் கொடுக்க முடிந்தது. 2008இல் 3.0 அந்தக் கதவை மூடியபோது யாரும் எதையும் இழக்கவில்லையே.

எல்லாவற்றையும் பூட்டச் சொல்லவில்லை. எழுதுபவர் விரும்பி 'இது மாறிலி' என்று அறிவிக்க ஒரு வழி வேண்டும். மீறினால் ஓடும்போதே பிழை வர வேண்டும். சோதனைக்காக மாற்றியே தீர வேண்டுமென்றால், அதற்குத் தனியாக, வெளிப்படையாக ஒரு வழி வையுங்கள். சத்தமில்லாமல் மாறுவது மட்டும் வேண்டாம். அடுத்த பதிப்புக்கான விவாதத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் பைத்தானில் எழுதும் ஒருவர்