பழக்கூடை வாங்கும் முன் மிஸ்ஸியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை நோயாளிகளைப் பார்க்கச் சைக்கிளில் போகும் குழுக்களின் படங்கள் நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. அப்படி ஒரு படத்தில் நானும் நின்றிருக்கிறேன், கையில் பழக்கூடையோடு, பல்லெல்லாம் தெரிய. அந்தக் கூடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நிபோங் திபாலிலிருந்து 23 பேர் விடியும் முன்பே கிளம்பினோம். சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட், பிறை என்று பழைய சாலையிலேயே மிதித்து, பட்டர்வொர்த்தில் பசியாறிவிட்டு பினாங்குத் தீவுக்குப் பெர்ரி ஏறினோம். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் கண்ணெதிரே கிடக்கிறது, ஆனால் சைக்கிளுக்கு அதில் அனுமதி இல்லை. கூடைகள் பின்னால் வேனில் வந்தன. ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) போட்டு வாங்கியவை. அடுக்கியவன் நான்தான்: பெராங்கான் வாழைப்பழம், ஆரஞ்சு, ஸ்டார் புரூட் (நட்சத்திரப் பழம்), உப்புச்சத்து பானம் இரண்டு புட்டி. ஸ்டார் புரூட் அன்று மலிவு, கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

வார்டில் பாதிப் பேர் சிறுநீரக நோயாளிகள். முதல் கட்டிலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. ரத்தச் சுத்திகரிப்புக்கு ஊசி குத்திக் குத்தி, முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. கூடையை மடியில் வைத்தேன், படம் எடுத்தார்கள். அதற்குள் தமிழ் மிஸ்ஸி (தாதி) ஒருவர் ஓடி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் ஸ்டார் புரூட்டையும் எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், இவங்களுக்குத் தண்ணியே அளந்துதான் கொடுக்கிறோம்."

வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகமாம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதானது தள்ளாது, ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஸ்டார் புரூட் அதைவிட மோசம். அதிலுள்ள நஞ்சு வெளியேற வழியில்லாமல் மூளையைத் தாக்குமாம். விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு, சில நேரம் உயிரே போகும். நானோ மலிவு என்று கூடுதலாக அடுக்கியிருக்கிறேன்!

நம் மலேசியாவில் புதிதாக ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் (சர்க்கரை நோயால்) சிறுநீரகம் கெட்டவர்கள். இனிப்பு நீர் இல்லாத தமிழ்க் குடும்பம் எது? எங்கள் 23 பேரில் ஐந்து பேர் அதற்கு மாத்திரை போடுகிறவர்கள். ஆனாலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வார்டுக்குள் திரும்பிப் போனபோது பாட்டி கேட்டது வேறு. "பழம் கெடக்கட்டும் தம்பி, பேரனுக்கு ஒரு போன் போட்டுத் தரியா? இதுல காசு தீந்துபோச்சு." என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடம் பேசினார். பாதி நேரம் பேரன் என்ன சாப்பிட்டான் என்ற விசாரணைதான். மற்றவர்கள் கீழே தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் நாங்களே பெர்ரித் துறையில் தின்று தீர்த்தோம். ஸ்டார் புரூட்டை யாரும் தொடவில்லை.

சைக்கிள் குழுக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: பணம் வசூலிக்கும் முன் அந்த வார்டுக்குப் போன் போடுங்கள். என்ன கொண்டு வரலாம், எத்தனை பேர் உள்ளே வரலாம் என்று கேளுங்கள். வியர்த்த சட்டையோடு இருபது பேர் கட்டிலைச் சூழ்வது அவர்களுக்கும் தொல்லை, மிஸ்ஸிகளுக்கும் தொல்லை. இருமல் இருப்பவர் கீழேயே நிற்கட்டும், அவர் மிதித்த மிதி வீண்போகாது.

அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறோம். இந்த முறை மிஸ்ஸி எழுதிக் கொடுத்த பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது: பெரியவர்களுக்கான பேம்பர்ஸ், வழுக்காத ரப்பர் செருப்பு, நீள ஒயர் உள்ள போன் சார்ஜர், டாப் அப்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிளோட்டி,
நிபோங் திபால், பினாங்கு