ராத்திரியே ஊறப்போட்ட இலை

அன்புள்ள அத்தைக்கு,

இதை உங்களுக்குப் பேத்திதான் வாசித்துக் காட்டுவாள். அவள் பேச்சு வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு முறைப்பாள். மேலே வாசிக்கச் சொல்லுங்கள்.

வைகாசி ஒண்ணாம் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் தலை ஊர்வலம் வருகிறதென்று குடியாத்தமே தெருவில் நிற்கிறது, நான் மட்டும் உள்ரூமில் லேப்டாப்போடு. மொழிபெயர்ப்பை மறுநாள் அனுப்பியாக வேண்டும். ‘அம்மா, சிரசு வருது வா’ என்று எத்தனையாவது தடவையோ வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அடித்துவிட்டேன். விரல் பதிந்துவிட்டது. பம்பைச் சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டீர்கள். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

எல்லாரும் படுத்த பிறகு, ‘உங்களுக்கு மட்டும் எப்படி அத்தை இவ்வளவு பொறுமை?’ என்று கேட்டேன். சிரித்தீர்கள். ‘எனக்கா? நான் பீடி சுத்தும்போது உம் புருஷன் தூளை வாரி இறைச்சிக்கினே இருப்பான். முறத்தாலேயே போட்டிருக்கேன். அப்புறம்தான் புரிஞ்சிது. ராத்திரியே இலைய ஊறப்போட்டுட்டா காலையில கை தானா ஓடும். காஞ்ச இலைய சுத்தினாத்தான் உடையும், கோவம் வரும், புள்ளைய அடிக்கத் தோணும்.’

அத்தை, நம் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்று உங்களுக்கு. சொல்லை எண்ணி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எனக்கு. இரண்டும் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதனாலேயே பார்க்கிறவர்களுக்கு நாம் ‘சும்மாதானே இருக்கிறோம்’. உங்கள் நெஞ்சிலும் தோளிலும் அந்த வேலை என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று தினம் பார்க்கிறேன், அதைப் பெருமையாகப் பேச வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. உங்களிடம் அடையாள அட்டை இருக்கிறது, பி.எஃப். பணம் கைக்கு வந்தது. எனக்கு அதெல்லாம் யார் தரப்போகிறார்கள்?

வேலூரில் சத்துவாச்சாரி வீட்டுக்குத் திரும்பியதும் நானும் ஊறப்போட ஆரம்பித்தேன். சாப்பாடு முடிந்து பாத்திரம் விளக்குவதற்கு முன்னால், மறுநாளுக்கான இரண்டு பக்கத்தை மட்டும் வாசிப்பேன். முரண்டு பிடிக்கிற வாக்கியத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. எதையும் எழுத மாட்டேன், மூடி வைத்துவிடுவேன். அப்புறம் பாத்திரம், துணி, பேத்தியின் வீட்டுப்பாடம். எங்கேயோ நடுவில், பெரும்பாலும் புளி கரைக்கும்போது, சரியான சொல் வந்து நிற்கும். விடியற்காலை நாலரைக்கு உட்கார்ந்தால் ஆறரைக்குள் ஐந்நூறு சொல் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் எழுந்து வந்து மடியில் ஏறினாலும் எரிச்சல் வருவதில்லை.

எல்லா நாளும் இப்படி இல்லை. அக்னி வெயிலில் ஊறின இலையும் காய்ந்துபோகும், அதற்காக ஈரச்சாக்கு சுற்றி வைப்பீர்களே. இந்த வேலூர் வெயிலில், ஜுரத்தில் கிடக்கிற பிள்ளையையும் வைத்துக்கொண்டு எழுதுகிற நாளுக்கு என்ன ஈரச்சாக்கு என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. போன வாரம்கூடக் கத்தினேன். அடிக்கவில்லை. பேத்தியைக் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வாள்.

அடுத்த சிரசுக்கு லேப்டாப் எடுத்து வர மாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் சிரசு நம் தெருவுக்கு வரும்போது வாசலில் நிற்பேன்.

அப்புறம், அந்தப் புத்தகத்துக்குப் பணம் வந்ததா என்று சனிக்கிழமை ஆனால் போன் போட்டுக் கேட்கிறீர்கள். உங்கள் கம்பெனியில் வாராவாரம் கூலி கொடுத்துப் பழக்கம். இங்கே ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் வரவில்லை, அத்தை.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்