கயலுக்குக் கடைந்து கொடுத்த எலும்பு

கணபதி, கோயம்புத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை

மச்சான் ரவி,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் மூட்டுவலிக்கு அந்த எண்ணெய் கேட்டதா? கேட்டிருந்தால் சொல், இன்னும் இரண்டு பாட்டில் பார்சலில் போட்டுவிடுகிறேன். செந்தில் வீடு கட்டி முடித்துவிட்டான். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடவில்லை என்று கோபப்படாதே, என்னையே முதல் நாள் ராத்திரிதான் கூப்பிட்டான். அவன் என்றைக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கிறான்?

போனில் பேசாமல் இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம் வீட்டில் போன் பேசினால் அடுக்களை வரை கேட்கும். உன் தங்கச்சி காதில் பாதி விழுந்து பாதி விழாமல் போனால் வீடு ரெண்டாகிவிடும். அதனால் பட்டறையில் ஆட்கள் போனபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கயல் இன்ஜினியரிங் வேண்டாம் என்கிறாள்.

பிளஸ் டூ மார்க் வந்த அன்றே சொல்லிவிட்டாள். "அப்பா, நான் சினிமாவுக்கு உடம்பு செய்யப் போறேன்." என்ன உடம்பு என்றால், வெட்டுக்காயம், தீக்காயம், பிணம், பூதம், வேற்றுக்கிரகத்து ஜந்து எல்லாம்தான். அம்மாவும் பெண்ணும் அன்றிலிருந்து ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. போன வாரம் ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சி முழங்கையில் ஒரு தீக்காயம் செய்துகொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் தோல் சுருண்டு, நடுவில் ஈரமாய்ச் சிவந்து, ஒரு கொப்புளம் உடையப் போகிற பதத்தில். எனக்கே வயிற்றைப் பிரட்டியது. உன் தங்கச்சி கையிலிருந்த ரசக் கரண்டியைப் போட்டுவிட்டு அலறினாள். அப்புறம் அது பொய் என்று தெரிந்ததும் வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத முடியாது.

இதில் உனக்கும் பங்கு உண்டு மச்சான். பொங்கலுக்கு வந்தவன் சும்மா இருக்காமல் அவளுக்குப் பிரிடேட்டர் போட்டுக் காட்டினாய். காலேஜ் நாளில் டெக் வாடகைக்கு எடுத்து, பாய் கடைக் கேசட் தேயத் தேயப் பார்த்த படம். உனக்கு இன்றைக்கும் உலகத்தில் அதற்கு மேல் படம் கிடையாது, டை ஹார்ட் வேண்டுமானால் பக்கத்தில் நிற்கலாம். அதோடு விட்டால் அதுதான் உச்சம் என்று பெண் நம்பிவிடுவாளே என்று, நீ ஊருக்குப் போன மறுவாரம் நான் தி திங் போட்டேன். ஜான் கார்பென்டர் எடுத்தது, 1982. அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

இந்தப் படத்தைப் பற்றி உன்னிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன், நீயும் "பனியில பன்னிரண்டு பேர், ஒரு பொண்ணு கூட இல்லை" என்று சொல்லித் தூங்கிப்போயிருக்கிறாய். இந்தத் தடவை கயல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கே பல விஷயம் புதிதாகப் பட்டது. ஆரம்பத்தில் அண்டார்டிகாப் பனியில் ஒரு நாய் ஓடி வருகிறது, பின்னாலேயே ஹெலிகாப்டரில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே வருகிறான். நம் மனசு நாய் பக்கம் போய்விடுகிறது. நாயைக் காப்பாற்றி முகாமுக்குள் விடுகிறார்கள். அது நடைபாதையில் சத்தமில்லாமல் நடந்து ஒரு அறை வாசலில் நிற்கிறது. உள்ளே சுவரில் ஒரு மனிதனின் நிழல். நாய் உள்ளே போகிறது, நிழல் திரும்புகிறது, அவ்வளவுதான். அந்த நிழல் யாருடையது என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, நடிகர்கள் யாரையும் விடாமல் ஒரு ஸ்டண்ட் கலைஞரை நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். பயம் அந்த இடத்தில் பிடிக்கிறது. நாயாக வந்தது ஒரு வேற்றுக்கிரகத்து ஜந்து, அது யார் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும், அதனால் பக்கத்தில் நிற்கிறவன் அவன்தானா என்று தெரியாது.

ரத்தச் சோதனைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? எல்லோரையும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்திலும் காய்ச்சிய கம்பியை வைக்கிறான் கதாநாயகன் மெக்ரெடி. ஜந்துவின் ரத்தம் என்றால் தப்பிக்கப் பார்க்கும். ஒவ்வொரு கிண்ணமாகச் சுர்ரென்று அணைகிறது. நாமும் கேரி மேல் சந்தேகமாக இருக்கிறோம், கேரியும் கத்துகிறான், மெக்ரெடி அவனைப் பார்த்து உன்னைக் கடைசியில் கவனிக்கிறேன் என்று பேசிக்கொண்டே, கவனமே இல்லாததுபோல் பாமரின் ரத்தத்தில் கம்பியை வைக்கிறான். நம் கண் கேரி மேல் இருக்கும்போது இங்கே ரத்தம் கிண்ணத்தை விட்டுத் துள்ளுகிறது. எப்போது வரும் என்று தெரிந்திருந்தும் இந்தத் தடவையும் தூக்கிப்போட்டது.

கயல் பயப்படவே இல்லை. மயங்கிக் கிடக்கிற ஒருவனின் நெஞ்சில் டாக்டர் மின் அதிர்ச்சி கொடுக்கிறபோது நெஞ்சே வாயாகப் பிளந்து அவர் இரண்டு கையையும் கடித்துத் துண்டாக்குமே, அந்த இடத்தில் நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். திரும்பப் போட்டாள். "அப்பா, இது கம்ப்யூட்டர் இல்லையே, எப்படிப் பண்ணாங்க?" அப்புறம் அவளே தேடிப் பிடித்துவிட்டாள். முன்கைகள் இல்லாத ஒருவரை அழைத்து வந்து, டாக்டராக நடித்தவரின் முகத்தை வார்த்தெடுத்த முகமூடியை மாட்டி, மெழுகில் எலும்பு, ரப்பரில் நரம்பு, ஜெல்லியில் சதை வைத்துச் செய்த பொய்க்கைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். மற்ற காட்சிகளில் கூழுக்கும் நிணத்துக்கும் மயோனீஸ், மக்காச்சோளக் கூழ், ஸ்ட்ராபெர்ரி ஜாம், உருக்கிய பபுள்கம். இதையெல்லாம் செய்த ராப் பாட்டினுக்கு அந்த வேலையைத் தொடங்கும்போது வயது 22.

என் பயமும் அவரிடமிருந்துதான் வருகிறது. ஒரு வருடத்துக்கு மேல், வாரத்தில் ஏழு நாளும், ஸ்டுடியோவிலேயே படுத்து எழுந்து வேலை பார்த்திருக்கிறார். முடித்ததும் உடம்பு தாங்காமல் ஆஸ்பத்திரியில் படுத்தார். நடுவில் சுமை தாங்கவில்லை என்று நாய்க் கூண்டுக் காட்சியின் ஜந்துவை, இதே தொழில் செய்கிற ஸ்டான் வின்ஸ்டன் வந்து செய்து கொடுத்தார். செய்துவிட்டு, படம் முழுக்க அந்தப் பையனின் உழைப்பு, என் பேர் வந்து அதை மறைக்கக் கூடாது என்று கிரெடிட் வாங்க மறுத்துவிட்டார். நன்றி என்று ஒரு வரி மட்டும் போட்டார்கள். உன் பிரிடேட்டர் ஜந்துவைச் செய்ததும் அதே வின்ஸ்டன்தான், தெரியுமல்லவா? முதலில் செய்த வேறு வேஷம் சரிவராமல் போய், அவரிடம் வந்தது. விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜேம்ஸ் கேமரூன் அவர் வரைவதைப் பார்த்து, பூச்சிக்கு இருக்கிற மாதிரி கொடுக்குத் தாடை வைத்தால் நன்றாக இருக்கும் என்றாராம். அந்த வாய் பிறந்த கதை அது.

இவ்வளவு உயிரைக் கொடுத்துச் செய்த படத்துக்கு என்ன நடந்தது? இ.டி. வந்து இரண்டே வாரம், பிளேட் ரன்னர் வெளியான அதே நாளில் இதுவும் வந்தது. ஜனங்கள் அன்பான வேற்றுக்கிரகக் குழந்தைக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். கார்பென்டரின் கையிலிருந்த அடுத்த படம் போயிற்று. மோரிகோனேயின் இசையை வருடத்தின் மோசமான இசை என்று பரிந்துரைத்தார்கள். அதற்காக அவர் போட்டு, படத்தில் சேராமல் கிடந்த துண்டுகள் 2015இல் டாரன்டினோவின் தி ஹேட்ஃபுல் எய்ட்டில் வந்தன. அந்தப் படத்தின் இசைக்குத்தான் ஆஸ்கரும் கிடைத்தது. இன்றைக்குத் திகில் படம் என்று பேச்செடுத்தால் முதல் வரிசையில் தி திங் இருக்கிறது. ஆனால் அந்த வரிசைக்கு வர எத்தனை வருடம்! அதுவரைக்கும் அந்த 22 வயதுப் பையனிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள்? அதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை மச்சான். என் பெண் உழைப்புக்குப் பயந்தவள் இல்லை. உழைத்ததை ஊர் காறித் துப்பினால் தாங்குவாளா என்பதுதான் என் கவலை.

கம்ப்யூட்டர் வந்தபிறகு இந்த வேலைக்கு ஆள் எதற்கு என்று நீ கேட்பாய், உன் தங்கச்சியும் அதையேதான் கேட்கிறாள். பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கயல் அதற்குப் பதில் வைத்திருக்கிறாள். ஜுராசிக் பார்க் எடுக்கும்போது, பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் பிடிக்கிற ஃபில் டிப்பெட்டிடம் முதல் கம்ப்யூட்டர் டைனோசரைக் காட்டினார்கள். அவர் தன் தொழில் அன்றோடு அழிந்தது என்று நொந்துவிட்டார். ஆனால் ஸ்பீல்பெர்க் அவரை விடவில்லை. எடை எந்தக் காலில் விழும், கழுத்து திரும்பும்போது வால் எங்கே போகும் என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்! அவர் மேற்பார்வை பார்த்தார், ஆஸ்கரும் வாங்கினார். அதே படத்தில் மழையில் வண்டியைத் தாக்குகிற டி-ரெக்ஸ் முழு அளவில் செய்த இயந்திரம், வின்ஸ்டன் பட்டறையுடையது. நுரை ரப்பர்த் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் உடம்பு வெடவெடவென்று ஆடியதாம், டேக்குக்கு டேக் துண்டு வைத்துத் துடைத்திருக்கிறார்கள். "இந்தியன் தாத்தாவுக்கு மேக்கப் போட கமல் சார் அமெரிக்காவிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோரைப் பிடிச்சாரே, அந்த இடத்துல நாளைக்கு இங்க இருக்கிற ஒருத்தி ஏன் இருக்கக் கூடாது?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை, எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இனி நான் சொல்லப்போவது உன் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. கயல் ரே ஹாரிஹவுசன் பற்றி எனக்குச் சொன்னாள். 13 வயதில் கிங் காங் பார்த்து, அந்தக் குரங்கு எப்படி நடக்கிறது என்று தேடிப்போய் அதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ் படத்தில், 1963இல் வந்தது, ஏழு எலும்புக்கூடுகள் கத்திச் சண்டை போடும். சில நிமிடச் சண்டைக்கு நாலரை மாதம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏழு பொம்மைகளின் கை, கால், தலை எல்லாவற்றையும் துளித்துளியாக நகர்த்த வேண்டும். சில நாட்களில் 13 ஃபிரேம்தான் தேறுமாம், திரையில் அரை வினாடி. அந்தப் பொம்மைகளுக்குள் இருக்கிற இரும்பு எலும்புச் சட்டங்களைக் கடைந்து கொடுத்தது யார் தெரியுமா? அவருடைய அப்பா. அவர் மெஷினிஸ்ட், மச்சான். ஆரம்ப காலத்துப் பொம்மைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தது அம்மா.

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சாயந்திரம் சின்ன லேத்தில் பித்தளை ராடை மாட்டினேன். 6 மில்லி உருண்டை, ஒரு பக்கம் தண்டு. ஃபார்ம் டூல் தேய்த்து எடுத்து, எமரியில் மெருகேற்றி, இரண்டு தகட்டில் துளை போட்டு உருண்டையை நடுவில் உட்காரவைத்து ஒரு ஸ்க்ரூவில் இறுக்கினேன். இறுக்கம்தான் இதில் சூட்சுமம். அதிகம் இறுக்கினால் நகராது, தளர்த்தினால் கை தானாகத் தொங்கிவிடும். விரலால் தள்ளினால் நகர்ந்து, விட்ட இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி, ராத்திரி வெகு நேரம் இரண்டு பேரும் அதிலேயே கிடந்தோம். ஒரு தோள், ஒரு முழங்கை, ஒரு மணிக்கட்டு முடிந்தது. அவள் அந்தக் கையைத் தூக்கி நிறுத்தினாள், நின்றது. இத்தனை வருடமாக இந்த லேத்தில் பம்பு உதிரி பாகம் கடைந்துகொண்டிருக்கிறேன், ஒரு பாகத்தைப் பார்த்தும் இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

சரி, இப்போது உன் வேலைக்கு வருகிறேன். எழும்பூர்ப் பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறதே, 1850இல் தொடங்கியது, அதில் சிற்பப் பிரிவு இருக்கிறது. கயல் அதற்கு விண்ணப்பிக்கப் போகிறாள். மண்ணில் முகம் செய்யத் தெரியாமல் ரப்பரில் முகம் செய்ய முடியாது என்பது அவள் கணக்கு, எனக்கும் சரியாகப் படுகிறது. உன் புரசைவாக்கம் வீட்டிலிருந்து பக்கம்தான். ஒரு நாள் நேரில் போய் விண்ணப்பம் எப்போது, நுழைவுத் தேர்வுக்கு என்ன வரையச் சொல்வார்கள், சிற்பப் பிரிவில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல். முடிந்தால் அங்கே படிக்கிற ஒரு பெண்ணிடமே பேசிப் பார்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் தங்கச்சிக்குப் போன் பண்ணு. நான் பட்டறையில் இருப்பேன், கயல் வகுப்புக்குப் போயிருப்பாள். நான் சொன்னால் பெண்ணுக்குச் செல்லம் கொடுக்கிறேன் என்பாள், அண்ணன் நீ சொன்னால் கேட்பாள். பூதம், பிணம் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. கவின் கலைக் கல்லூரி அரசுக் கல்லூரி, பட்டம் தருவார்கள் என்பதிலிருந்து ஆரம்பி. தங்க இடம் உன் வீடு என்று சொல். ஹாரிஹவுசன் அம்மா துணி தைத்த கதையைச் சொல், உன் தங்கச்சி தையல் மெஷினைத் தொட்டு வெகுநாளாயிற்று. தி திங் பேச்சை மட்டும் எடுத்துவிடாதே.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம். மற்றவை நேரில்.

அன்புடன்,
சிவா