கொடிவேரியில் என் அண்ணன் மகளைக் கரை சேர்த்தவர்களுக்கு

கொடிவேரி பரிசல் துறை அண்ணனுக்கும், பேர்கூடச் சொல்லாமல் போய்விட்ட நர்ஸ் தங்கைக்கும், மீன் கடை அக்காவுக்கும், 108 வண்டியில் வந்த இருவருக்கும் திருப்பூரிலிருந்து வணக்கம்.

நேரில் வந்து சொல்வதற்காகத்தான் ஆடி முதல் ஞாயிறு கிளம்பினோம். கோபியைத் தாண்டி சத்தி ரோட்டில் வந்து கொடிவேரி அணை வாசலில் இறங்கினால், வழியை அடைத்திருந்தார்கள். நீலகிரியில் மழை, மேலே பவானிசாகர் அணையில் உபரி நீர் திறந்திருக்கிறார்கள், யாருக்கும் அனுமதி இல்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டமுங்க, காலை மட்டும் நனைச்சுட்டுப் போயிடறோம்" என்று ஒரு குடும்பம் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் மன்றாடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவர் குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வண்டியாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களையும் திருப்பி அனுப்பிய அவருக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்க்க முடியாததால்தான் இந்த மடல்.

அன்றைக்கு, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் அளவாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த அணை என்கிற தைரியத்தில், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளைக் குளிக்க விட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன். அண்ணன் மகளின் துப்பட்டா தண்ணீரில் போனது. அதை எடுக்கக் கம்பியைத் தாண்டிப் பாறையில் காலை வைத்திருக்கிறாள். பாசி. நான் நிமிர்ந்தபோது அவளுடைய ஒரு கைதான் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. என்னை நம்பி அனுப்பியிருந்தார்கள்.

என் கணவர் குதித்துவிட்டார். நீச்சல் தெரிந்தவர்தான். அவளைப் பிடித்தும்விட்டார். ஆனால் கரையைப் பார்த்து நீந்த நீந்த, இரண்டு பேரும் தண்ணீர் விழுகிற சுவரை நோக்கியே போய்க்கொண்டிருந்தார்கள்.

பரிசல் அண்ணா, நீங்கள் ஓடிவந்து தண்ணீரில் குதிக்காமல் பாறை மேல் குப்புறப் படுத்ததைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை இப்போது சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரென்றே தெரியாத இரண்டு பையன்கள் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துடுப்பை நீட்டினீர்கள். எட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை முறுக்கித் துடுப்பின் நுனியில் கட்டி மறுபடி நீட்டினீர்கள். அதற்குள் மீன் கடை அக்கா கொடியில் காய்ந்த சேலையை உருவிக்கொண்டு வந்து, துண்டு பத்தாவிட்டால் இதையும் கட்டு என்று பக்கத்தில் நின்றார். பெரம்பலூர் பக்கம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020இல் மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையையே அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களைக் காப்பாற்றியதைச் செய்தியில் படித்திருக்கிறேன். அப்படி ஒரு மனசை அன்றைக்கு நேரில் பார்த்தேன். துண்டே போதுமானதாக இருந்தது. என் கணவர் பிடித்துக்கொண்டார், நீங்கள் நால்வரும் இழுத்தீர்கள்.

"நானும் குதிச்சிருந்தா மூணு பேரா சுத்தியிருப்போம் அம்மிணி" என்று பிறகு சொன்னீர்கள். மேலிருந்து விழுகிற தண்ணீர் அடிக்குப் போய், கொஞ்சம் தள்ளி மேலே வந்து, திரும்பவும் சுவரையே பார்த்து வரும் என்று கையைச் சுழற்றிக் காட்டினீர்கள். அதில் மாட்டியவர் கரையைப் பார்த்து எவ்வளவு நீந்தினாலும் வீண் என்பது எத்தனையோ வருடமாக அங்கே போய்வரும் எனக்குத் தெரியாது.

மேலே கொண்டுவந்து போட்டபோது பிள்ளைக்கு மூச்சு இல்லை. கூட்டத்தில் ஒருவர் தலைகீழாகத் தூக்கச் சொன்னார், இன்னொருவர் வயிற்றை அமுக்க வந்தார். ஈரச் சுடிதாரோடு ஒரு பெண் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து, "நான் நர்ஸ், வயித்தைத் தொடாதீங்க, தள்ளுங்க" என்றார். தங்கச்சி, உன் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினாய். அப்புறம் நெஞ்சின் நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்தினாய், சத்தமாக எண்ணிக்கொண்டே. முப்பது அழுத்து, இரண்டு ஊது. மறுபடி முப்பது. எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. அவள் இருமித் தண்ணீரைக் கக்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தாய். பரிசல் அண்ணன் துண்டை உதறி அவள் மேல் போர்த்தினார். நான் உன் கையைப் பிடித்து அழத்தான் செய்தேன், பேர் கேட்கவில்லை. வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நீ இல்லை. நீ எந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும் அங்கே வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பிள்ளை பேசுகிறாளே, வீட்டுக்கே போய்விடலாமா என்று 108இல் கேட்டேன். கூடாதுங்க அக்கா, நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறும் என்று சொல்லி, ஆக்ஸிஜன் வைத்துக் கொண்டுபோனார்கள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். விடியற்காலை அவள் பசிக்கிறது என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உங்களுக்கும் நன்றி அண்ணி.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த அணையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொங்காள்வான் என்கிற மன்னர் 1125இல் கட்டியது என்று சொல்வார்கள். பாறையை இருபது அடிக்குச் செதுக்கி, கல்லோடு கல்லை இரும்புக் கம்பியால் கோத்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக் கட்டிய சுவர். பவானி ஆற்றைத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்காலில் திருப்பி இன்றைக்கும் 24,504 ஏக்கருக்குப் பாய்ச்சுகிறது. அது வயலுக்காகக் கட்டிய அணை. வாய்க்காலுக்குப் போக மிஞ்சியது வழிந்து விழுகிறது, அதை நாம் அருவியாக நினைத்துக்கொண்டோம். குற்றாலத்தில் நிற்பது மாதிரி நின்றுகொண்டிருந்தேன் நான். மேலே பவானிசாகர் 105 அடி அணை. அங்கே மதகைத் திறந்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். வாசலில் நிற்பவர் "வேண்டாம்" என்று சொல்லும்போது அவர் பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தண்ணீரை.

பாறைகளுக்கு நடுவே குனிந்து பாட்டில் சில்லும், ஊறிப்போன பழந்துணியும் பொறுக்கிக் கோணியில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேலைத் துண்டு ஒன்று காலைச் சுற்றினால் என்ன ஆகும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று நாங்கள் வெறுங்காலோடு ஓடிய வழி அவர்கள் பொறுக்கிச் சுத்தமாக்கிய வழி. எங்கள் தெருப் பிள்ளைகள் அடுத்த மாதம் வேன் பிடித்து வருவதாகச் சொல்கிறார்கள். கம்பியைத் தாண்டக் கூடாது, பாட்டிலைப் போட்டுவிட்டு வரக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

பரிசல் அண்ணா, உங்கள் துண்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, வீட்டுக்கும் வந்துவிட்டது. சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. பாப்பா தன் கையாலேயே துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். தண்ணீர் வடிந்து வாசல் திறந்ததும், அவளே கொண்டுவந்து கொடுப்பாள்.